கோழிக்கு ஒரு கணக்கு, எனக்கு ஒரு கணக்கு

எங்கள் கோழிப்பண்ணையில் தீவன மூட்டை நிறுக்கும் தராசு ஒன்று உண்டு. சித்திரை வெயிலில் ஒரு மணி நேரம் ஓடிவிட்டு வந்து, துண்டால் வேர்வையைத் துடைத்து, ஷூவைக் கழற்றிப் போட்டுவிட்டு அதன்மேல் ஏறி நின்றேன். ஓடப் போகும் முன்பும் அப்படித்தான் ஏறியிருந்தேன். இப்போது ஒரு கிலோவுக்கு மேல் குறைந்திருந்தது. வழியில் ஒரு வாய்கூடக் குடிக்கவில்லை என்பதால், குறைந்தது ஏறக்குறைய அத்தனையும் வேர்வைதான்.

அப்பா ஷெட்டுக்குள்ளிருந்து வந்தார்.

"மூட்டைய எறக்கி வெச்சுட்டு நீ ஏறிட்டயா சாமி? என்ன காட்டுது?"

"கொறஞ்சிருக்குதுங்கப்பா. ஒரு கிலோவுக்கு மேல போயிருச்சு."

"அதுக்கா இந்தச் சிரிப்பு? இங்க ஒரு கோழி அம்பது கிராம் எளச்சாலே எனக்குத் தூக்கம் போயிருது."

எனக்குச் சிரிப்பு வந்ததற்குக் காரணம் இருந்தது. என் உடம்பிலிருந்து ஒரு மணி நேரத்தில் எவ்வளவு வெளியே போகிறது என்பது அன்றுதான் எனக்குத் தெரிந்தது. அது தெரியாததால்தான் அதற்கு முந்தைய ஆண்டு என்னை நாலு பேர் தூக்கிக்கொண்டு போனார்கள்.

ஜேடர்பாளையம் தடுப்பணையில் கோடைக்குக் கோடை சைக்கிள்காரர்கள் சிலர் கூடி ஒரு டிரையத்லான் நடத்துகிறார்கள். முதலில் காவிரியில் இரண்டு கிலோமீட்டர் நீச்சல். கரையேறியதும் தொண்ணூறு கிலோமீட்டர் சைக்கிள். இறங்கியதும் இருபத்தொரு கிலோமீட்டர் ஓட்டம். நடுவில் உட்காருவதெல்லாம் கிடையாது. விடியும்போது தொடங்கினால், என்னைப் போன்றவர்கள் ஓட ஆரம்பிக்கும்போது வெயில் உச்சிக்கு வந்திருக்கும். ஒவ்வொரு கட்டத்துக்கும் கெடு உண்டு. தாண்டினால் வெளியே.

நான் பி.இ. முடித்துவிட்டு வீட்டில் இருந்தபடியே கம்ப்யூட்டர் வேலை பார்ப்பவள். ஓர் இடத்தில் உட்கார்ந்தால் கால் ஆடிக்கொண்டே இருக்கும். காலை ஆட்டாதே, தரித்திரம் பிடிக்கும் என்று அம்மா சொல்லிச் சொல்லி ஓய்ந்துபோய், ஆட்டுகிற காலை ரோட்டிலாவது ஆட்டட்டும் என்று விட்டுவிட்டாள். அப்படித்தான் சைக்கிள் வாங்கினேன். அப்படித்தான் முதல் ஆண்டு போட்டிக்கும் போனேன். தாகம் எடுக்கும் முன்பே குடி என்று யாரோ சொன்னதை வேதவாக்காகப் பிடித்துக்கொண்டு, வழிநெடுகத் தண்ணீர் வைத்திருந்த மேசைக்கு மேசை நின்று வெறும் தண்ணீரை மொண்டு மொண்டு குடித்தேன். ஓட்டத்தின் பாதியில் விரல்கள் வெண்டைக்காய் போல வீங்கின. தலை கிறுகிறுத்தது. வாய்க்கால் பாலக்கட்டையைப் பிடித்துக்கொண்டு வாந்தி எடுத்தேன். அதற்குப் பிறகு கண் விழித்தபோது கையில் ஊசி, தலைக்கு மேல் பாட்டில்.

டாக்டர் சொன்னது இன்னும் காதில் இருக்கிறது. "தண்ணி கொறஞ்சு விழலம்மா நீ. தண்ணி அதிகமாகி, உப்பு கொறஞ்சு விழுந்திருக்க. வேர்வைல உப்பு போகுது, நீ வெறும் தண்ணியா ஊத்தி ஊத்தி மிச்சத்தையும் நீர்க்க வெச்சுட்ட."

கட்டிலுக்கு அந்தப் பக்கம் அம்மா நின்றிருந்தாள். அழவில்லை. எங்கள் அம்மா அழ மாட்டாள், தீர்ப்புச் சொல்லுவாள்.

"இன்னொருக்கா போறதுன்னாப் போ. நான் தடுக்கலை. ஆனா இன்னொருக்கா உனக்கு பாட்டில் ஏத்துனாங்கன்னு வெய்யி, அன்னைக்குப் பொழுதோட அந்தச் சைக்கிளை உஞ்சித்தப்பன் பையனுக்குக் குடுத்துருவேன். அப்பறம் எங்கிட்ட வந்து நிக்கக் கூடாது."

நான் சரி என்றேன். அம்மா சொன்னால் செய்வாள். ஆக, அடுத்த கோடையில் எனக்கு முன்னால் இருந்தது பரிசோ பதக்கமோ அல்ல. சொந்தக் காலில் நின்று முடிக்க வேண்டும், இல்லையென்றால் சைக்கிள் போய்விடும். அவ்வளவுதான்.

தராசில் ஏறியது அதற்குத்தான். காலையில் ஓடி நிறுத்தேன், பதினோரு மணி வெயிலில் ஓடி நிறுத்தேன், சைக்கிள் ஓட்டி நிறுத்தேன். என் கறுப்புச் சட்டையில் வேர்வை காய்ந்தபின் வெள்ளைக் கோடுகள் படியும். தோழிகளுக்கு அப்படிப் படிவதில்லை. என் வேர்வையில் உப்பு கூடுதலாகவே போகிறது என்று தெரிந்தது. போவது முழுவதையும் குடித்து நிரப்பக் கூடாது, வயிறு தாங்காது, கொஞ்சம் குறைவாகத்தான் குடிக்க வேண்டும் என்று படித்தேன். ஒரு பாட்டில் தண்ணீருக்குக் கால் டீஸ்பூன் உப்பு, எலுமிச்சம்பழம் ஒன்று, சர்க்கரை என்று கலந்து பார்த்தேன். பண்ணையில் முட்டை அடுக்குகிற அக்கா ஒருத்தி ஒரு வாய் குடித்துப் பார்த்துவிட்டு, "பேதிக்குக் குடுக்கறதாட்டவே இருக்குது" என்றாள். ரொம்பச் சரி.

உப்புக் கணக்கு முடிந்தது. சாப்பாட்டுக் கணக்கில்தான் நான் கோட்டை விட்டேன். அதுவும் நாமக்கல்லில் கோழிகளுக்கு நடுவே வளர்ந்தவள் மட்டுமே செய்யக்கூடிய தப்பு.

கோடையில் முட்டைக்கோழி வெப்பம் தாங்காமல் வாயைத் திறந்து மூச்சு வாங்கும். அந்த நேரத்தில் வயிற்றில் தீவனம் இருந்தால், அது செரிக்கிற சூடும் சேர்ந்துகொண்டு கோழி சுருண்டு விழுந்துவிடும். அதனால் எங்கள் பக்கத்துப் பண்ணைகளில் விடியக்காலையிலேயே தீவனம் போட்டுவிடுவோம். உச்சி வெயிலில் தீவனத் தொட்டி காலியாகக் கிடக்கும். குளிர்ந்த தண்ணீரும் அதில் கலந்த உப்புப் பொடியும் மட்டும்தான். வெயில் தாழ்ந்தபின் மறுபடி தீவனம். இதைச் சின்ன வயதிலிருந்தே பார்த்தவள் நான். மனிதருக்கும் செரிமானம் சூடுதானே என்று தோன்றியது. குளிர்ந்த நேரத்தில் வயிறு நிறையச் சாப்பிடுவது, வெயில் ஏறியதும் உப்புத் தண்ணீர் மட்டும், அதிலும் சர்க்கரை கிடையாது. என் மூளையை நானே மெச்சிக்கொண்டேன். இதை எந்த வெள்ளைக்காரப் புத்தகத்திலும் எழுதியிருக்க மாட்டார்கள் என்றுகூட நினைத்தேன். எழுதாததற்குக் காரணம் இருந்தது.

சேலத்திலிருந்து வாழப்பாடி தாண்டிப் போய்த் திரும்புவதாக ஒத்திகை வைத்தேன். துணைக்கு ஸ்கூட்டரில் என் கல்லூரித் தோழி வந்தாள். சேலம் கடைவீதியில் அவள் அத்தாவுக்கு, அதாவது அவள் அப்பாவுக்கு, பேரீச்சம்பழ மொத்தக் கடை. அவளுக்கு ஓடவும் பிடிக்காது, சைக்கிளும் பிடிக்காது. நான் படும் பாட்டைப் பார்ப்பது மட்டும் ரொம்பப் பிடிக்கும்.

காலையில் பத்து இட்லி. போகும்போது காற்றாகப் போனேன். வெயில் ஏறியதும் கோழித் திட்டம். உப்புத் தண்ணீர், உப்புத் தண்ணீர், மறுபடி உப்புத் தண்ணீர். கை வீங்கவில்லை. வாந்தி வரவில்லை. திரும்பும் வழியில் வாழப்பாடிக்குச் சற்று முன்னால், யாரோ சுவிட்சை அணைத்த மாதிரி ஆகிவிட்டது. பெடலை மிதிக்கிறேன், கால் யாருடையதோ மாதிரி இருக்கிறது. சைக்கிளைப் புளியமரத்தில் சாய்த்துவிட்டுத் தரையில் உட்கார்ந்தேன். தோழி ஸ்கூட்டரை நிறுத்திவிட்டு வந்தாள்.

"என்னடி ஆச்சு?"

"உன் ஸ்கூட்டர் ஏன் இவ்வளவு பச்சையா இருக்கு?" என்று கேட்டேன். கேட்டுவிட்டு அதற்காக அவள்மேல் கோபமும் வந்தது, அழுகையும் வந்தது.

அவள் குனிந்து என் நெற்றியைத் தொட்டுப் பார்த்தாள். "காலைல என்ன தின்ன?"

"இட்லி."

"அதுக்கப்புறம்?"

கோழித் திட்டத்தைச் சொன்னேன். சொல்லச் சொல்ல அவள் முகம் கோணிக்கொண்டே போனது. கடைசியில் வயிற்றைப் பிடித்துக்கொண்டு ரோட்டோரத்திலேயே உட்கார்ந்துவிட்டாள்.

"அடியே, கோழி கூண்டுக்குள்ள சும்மா ஒக்காந்திருக்குடி. அதுக்கு அன்னைக்கு வேலை ஒரு முட்டை. நீ சைக்கிள் மிதிச்சு, அதுக்கப்புறம் ஓடவும் போற. கோழிய வாழப்பாடி வரைக்கும் சைக்கிள் ஓட்டச் சொல்லிப் பாரு, அதுவும் இப்படித்தான் உன்னைப் பாத்துக் கலர் கேக்கும்."

பையிலிருந்து பேரீச்சம்பழத்தை எடுத்தாள். நான் கை நிறைய அள்ளப் போனேன். கையில் அடித்தாள்.

"ஒண்ணு. ஒண்ணு தின்னு, ரெண்டு வாய் தண்ணி குடி. சித்த நேரம் கழிச்சு இன்னொண்ணு. நோன்பு தொறக்கறப்ப முதநாள் எல்லாத்தையும் அள்ளித் தின்னுட்டு நான் பட்டது எனக்குத் தெரியும்."

கால் மணி நேரத்தில் ஸ்கூட்டரின் நிறம் எனக்குச் சாதாரணமாகத் தெரிந்தது. வீட்டுக்கு வந்து அப்பாவிடம் நடந்ததைச் சொன்னேன். அவர் சிரிக்காமல் கேட்டுவிட்டு, "ஏஞ்சாமி, கோழிக்குப் பாக்கற கணக்க நான் உனக்கு என்னைக்காச்சும் பாத்திருக்கறனா? பாத்திருந்தா இந்நேரம் உன்னை வித்திருப்பனே" என்றார்.

அதன்பின் புதிதாகக் கணக்குப் போட்டேன். வயிறு நிறையச் சாப்பிடுவது இல்லை, வெறும் வயிறாக விடுவதும் இல்லை. ஓயாமல், கொஞ்சம் கொஞ்சமாக. சைக்கிளில் இருக்கும்வரை வயிறு குலுங்காது, ஆகவே தின்ன வேண்டியதில் பெரும்பங்கை அங்கேயே தின்றுவிட வேண்டும். ஓட்டத்தில் வாய் மெல்லாது, அங்கே சர்க்கரையும் உப்பும் கரைத்த தண்ணீர். ஓட்டக்காரர்களுக்கென்று கடையில் விற்கும் பிசின் போன்ற சர்க்கரைப் பாக்கெட்டுகளையும் வாங்கிப் பார்த்தேன். வெயிலில் மூன்றாவது பாக்கெட்டுக்கே தித்திப்பு தொண்டையை அடைத்தது. எங்கள் ஊர்ப்பக்கம் எங்கே திரும்பினாலும் குச்சிக்கிழங்குக் காடுதான், ஜவ்வரிசி மில்லுக்குப் போகிற மரவள்ளிக் கிழங்கு. அதைத் தோலுரித்து உப்புப் போட்டு வேகவைத்துச் சின்னச் சின்னத் துண்டாக நறுக்கினேன். வாயில் போட்டால் கரைந்தது. நாலு துண்டு கிழங்கு, ஒரு பேரீச்சம்பழம், மறுபடி கிழங்கு. தித்திப்பும் உப்பும் மாறி மாறி வந்ததால் நாக்கு சண்டை போடவில்லை. பரமத்தி ரோட்டிலும் ஓமலூர் ரோட்டிலும் வெயிலில் சோதித்து, சோதித்து, வயிற்றைப் பழக்கினேன். காலைப் பழக்குகிற மாதிரியே வயிற்றையும் பழக்க வேண்டும் என்பது நான் நானாகவே கண்டுபிடித்தது. ஏற்கெனவே பலரும் கண்டுபிடித்ததுதானாம். ஆனாலும் என் பெருமையை நான் விட்டுக்கொடுக்கவில்லை.

போட்டி நாள். விடிகிற வெளிச்சத்தில் தடுப்பணைக்கு மேலே காவிரி அசையாமல் கிடந்தது. காவலுக்குப் பரிசல்கள் நின்றன. அப்பா பண்ணையை விட்டு வர முடியாது. அம்மா வந்திருந்தாள். வந்தவள் என்னிடம் பேசவில்லை, கூட்டத்தில் எங்கோ போய்விட்டாள். தோழி மட்டும் என் தோளைத் தட்டி, "முட்டை போடாம ஓடு" என்றாள்.

நீச்சலைப் பற்றிச் சொல்ல ஒன்றும் இல்லை. நீந்தினேன், கரையேறினேன். சைக்கிளில் ஏறியதும் முதல் வேலையாகக் கிழங்குத் துண்டை வாயில் போட்டேன். வாய்க்கால் கரை ரோட்டில் வாழைத் தோட்டமும் வெற்றிலைக் கொடிக்காலும் இருப்பதால் காலையில் குளுமையாக இருக்கும். அந்தக் குளுமையில்தான் ஆட்கள் ஏமாந்துபோவார்கள். பசிக்கவில்லை, தாகமில்லை என்று தின்னாமல் பறப்பார்கள். நான் பசிக்காமலே தின்றேன். என்னைத் தாண்டிப் போனவர்களைப் பார்த்து, போங்க அண்ணா, போங்க என்று வழிவிட்டேன்.

பரமத்தி வேலூர் வரை போய்த் திரும்பும் சுற்று, அதுபோல் மூன்று. இரண்டாவது சுற்றில் ஒரு வேகத்தடையில் சைக்கிள் தூக்கிப் போட, உப்புத் தண்ணீர் பாட்டில் தாங்கியிலிருந்து எகிறி, ரோட்டில் ஒரு குதி குதித்து, நேராக வாய்க்காலில் விழுந்தது. மூழ்கவில்லை. மிதந்துகொண்டு எனக்கு முன்னால் போனது. கொஞ்ச தூரம் நானும் அதுவும் ஒரே திசையில் போனோம்.

மிச்சம் இருந்தது வெறும் தண்ணீர் பாட்டில் ஒன்று. வழியில் மேசைகளில் இருந்ததும் வெறும் தண்ணீரும் வாழைப்பழமும்தான். ஓட்டம் தொடங்கும் இடத்தில் என் பையில் உப்புப் பொட்டலம் இருக்கிறது. ஆனால் சைக்கிள் முடியும்வரை அதைத் தொட விடமாட்டார்கள், அதற்கு இன்னும் ஐம்பது கிலோமீட்டர். வெயிலோ ஏறிவிட்டது. போன ஆண்டு இந்த இடத்தில்தான் மொண்டு மொண்டு குடித்தேன். இப்போதும் தொண்டை அதையேதான் கேட்டது. கிழங்கில் இருக்கிற உப்பு போதுமா என்று யோசித்தேன். என் சட்டையில் அதற்குள் வெள்ளைக் கோடு படிந்திருந்தது. போதாது.

சுற்று முடிந்து ஜேடர்பாளையம் பூங்காப் பக்கம் திரும்பும்போது, தள்ளுவண்டியில் ஓர் அக்கா மாங்காயை அடுக்கிக்கொண்டிருந்தாள். பிரேக் போட்டேன். கயிற்றுக்கு அந்தப் பக்கம் நின்ற என் தோழி கத்தினாள். "என்னடி, பஞ்சரா?"

"உப்புடி" என்று அவளிடம் சொல்லிவிட்டு வண்டிக்காரியிடம் திரும்பினேன். "ஏனுங்கக்கா, கொஞ்சம் உப்புக் குடுங்க. மொளகாப்பொடி கலக்காதது."

"மாங்காயே இன்னும் வெட்டலையே கண்ணு. வெறும் உப்பயா திங்கப்போற?"

"தண்ணில கலக்கறதுக்குங்க."

"இத்தன வேகமா வந்து உப்பா கேப்பாங்க?" என்றபடி ஒரு கை அள்ளினாள்.

"அத்தன வேண்டாங்க." என் பாட்டிலுக்கு எவ்வளவு என்று எனக்குத் தெரியும். மூன்று விரலில் கிள்ளி எடுத்துப் போட்டேன். இன்னொரு பங்கைக் காகிதத்தில் மடித்து இடுப்புப் பையில் செருகினேன். பாட்டிலைக் குலுக்குவதற்குள் எனக்குப் பின்னால் இன்னும் இரண்டு சைக்கிள்கள் வந்து நின்றன. இரண்டு பேருமே நல்ல உயரமான ஆட்கள், விலை உயர்ந்த கண்ணாடி போட்டவர்கள்.

"சிஸ்டர், அது என்ன, உப்பா? எங்களுக்கும் கெடைக்குமா? கால் பிடிச்சு இழுக்குது."

"பாத்தியா" என்றாள் வண்டிக்கார அக்கா. "வாரவுங்க அத்தன பேரும் உப்புக் கேட்டா, நான் மாங்காய எதுல தொட்டுக் குடுக்கறது? சரி, எடுத்துக்கங்க சாமி. வேர்த்து ஊத்தறதப் பாத்தா எனக்கே பாவமா இருக்குது."

அங்கே நின்றதில் நேரம் போனது. போகட்டும். கடைசிச் சுற்றில் உப்புத் தண்ணீரை வாய் வாயாகக் குடித்தேன். கிழங்கை முடித்தேன். பேரீச்சம்பழத்தை முடித்தேன். சைக்கிளை விட்டு இறங்கியபோது கால் நடுங்கியது, தலை தெளிவாக இருந்தது. பையிலிருந்து சர்க்கரையும் உப்பும் போட்டுக் கலந்த பாட்டிலை எடுத்துக்கொண்டு ஓடினேன்.

அந்த ஓட்டத்தை நான் அழகாக ஓடினேன் என்று சொல்ல மாட்டேன். தார் ரோடு ஷூவுக்குள் சுட்டது. கரும்புக் காட்டிலிருந்து அடித்த காற்று அடுப்பு வாயிலிருந்து வருவது போல வந்தது. மேசைக்கு மேசை வெறும் தண்ணீர் டம்ளர்களை நீட்டினார்கள். இரண்டை வாங்கித் தலையில் ஊற்றினேன். ஐஸ் கட்டியைத் தொப்பிக்குள் போட்டேன். குடிப்பது மட்டும் என் பாட்டிலிலிருந்து. குடி குடி என்று தொண்டை கெஞ்சும்போது குடிக்காமல் இருப்பதுதான் அன்று நான் செய்த பெரிய வேலை. கைக்கடிகாரப் பட்டையை அடிக்கடி தொட்டுப் பார்த்தேன். இறுகவில்லை. வீக்கம் இல்லை. காலையில் என்னைத் தாண்டிப் பறந்தவர்கள் மரத்துக்கு மரம் உட்கார்ந்திருந்தார்கள். ஒருவர் வெயிலைத் திட்டிக்கொண்டிருந்தார். வெயிலின் தாயாரையும் சேர்த்துத் திட்டினார். நான் ஓடினேன், கொஞ்சம் நடந்தேன், மறுபடி ஓடினேன்.

போன ஆண்டு வாந்தி எடுத்த பாலக்கட்டை வந்தது. நிற்காமல் தாண்டினேன். அதற்கு அப்பால் இருந்த ரோட்டை நான் அதுவரை பார்த்ததே இல்லை. புதிய ஊர் மாதிரி இருந்தது. அங்கே ஒரு வேப்பமரம், ஒரு மோட்டார் ரூம், குறுக்கே ஓடிய ஓர் ஆட்டுக்குட்டி, எல்லாமே எனக்காக வைத்த மாதிரி பட்டது.

கெடுவுக்கு முன்பே முடித்தேன். பின்னால் வந்தவர்கள் கொஞ்சம், முன்னால் போனவர்கள் நிறைய. தோழி ஓடிவந்து கட்டிப்பிடித்தாள். பிடித்துவிட்டு உடனே, "ஐயே, உப்புக்கண்டம் மாதிரி இருக்க" என்று விலகினாள்.

"எங்கம்மா எங்கடி?"

"காலைலேர்ந்து காணோமே. வீட்டுக்குப் போயிட்டாங்களோ?"

கூட்டத்தில் தேடினேன். நிழலில் தேடினேன். தண்ணீர் மேசைப் பக்கம் தேடினேன். கடைசியில் மருத்துவக் கூடாரத்துக்குள் எட்டிப் பார்த்தேன். வரிசையாகக் கட்டில்கள். இரண்டில் ஆட்கள் படுத்திருந்தார்கள். மூன்றாவது காலியாக இருந்தது. அதில் எங்கள் வீட்டுப் பூப்போட்ட போர்வை விரித்திருந்தது. பக்கத்து நாற்காலியில், மடியில் என் மாற்றுத் துணியும் துண்டும் வைத்துக்கொண்டு அம்மா உட்கார்ந்திருந்தாள். காலையிலிருந்து அங்கேயேதான் இருந்திருக்கிறாள். நான் எங்கே வந்து சேருவேன் என்று அவள் போட்ட கணக்கு அது. வெளியிலிருந்து ஆள் ஆளாகத் தூக்கி வரும்போதெல்லாம் அம்மா எழுந்து எழுந்து முகத்தைப் பார்த்தாள் என்று நர்ஸ் பின்னால் சொன்னாள்.

நான் வாசலில் நின்றேன். "அம்மா."

அவள் என் முகத்தைப் பார்க்கவில்லை. முதலில் என்னைத் தாங்கிப் பிடித்திருப்பது யார் என்று எனக்கு இரண்டு பக்கமும் பார்த்தாள். யாரும் இல்லை. பிறகு என் கையைப் பார்த்தாள். ஊசி இல்லை.

"நடந்தா வந்த?"

"ஆமாம்மா. முடிச்சுட்டேன். முடிச்சுட்டுத்தான் உன்னைத் தேடிட்டு வாரேன்."

கட்டிலில் விரித்த போர்வையை எடுத்து உதறினாள். நாலாக மடித்தாள். மடித்ததைப் பிரித்து மறுபடி மடித்தாள். எனக்குக் கால் வலித்தது, ஆனாலும் அந்தக் கட்டிலில் மட்டும் உட்காரக் கூடாது என்று நின்றுகொண்டே இருந்தேன்.

"பசிக்குதா?" என்று கேட்டாள்.

"ரொம்ப."

"சோறு கட்டியாந்திருக்கறேன். திங்கலாம்." போர்வையைக் கையில் இடுக்கிக்கொண்டு எனக்கு முன்னால் வெளியே வந்தாள். வெளியே வந்து, கண்ணுக்கு மேல் கையை வைத்து அந்தப் பக்கம் இந்தப் பக்கம் பார்த்தாள்.

"அந்தச் சைக்கிள எங்க உட்ட? இந்த வெயில்ல டயரு கெட்டுப்போயிரும். மொதல்ல போய் அதை நெழல்ல எடுத்து வெய்யி."